ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்

தொல்காப்பியத்தின் பிறப்பியலை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு சிறு வேடிக்கை செய்வது என் வழக்கம். மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு கையை வயிற்றின்மீது வைத்துக்கொண்டு, அகரத்தை இயன்றவரை நீட்டி ஒலிக்கச் சொல்வேன். கொப்பூழிலிருந்து புறப்படும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் துணைசெய்ய எழுத்தாகிறது என்பது தொல்காப்பியரின் விளக்கம். "காற்று நுரையீரலில் இருந்துதானே வருகிறது, கொப்பூழ் என்பது பிழையல்லவா?" என்று கேட்கும் மாணவர் ஒருவராவது ஆண்டுதோறும் இருப்பார். அதற்காகவே காத்திருப்பேன். நுரையீரல் தானாக அசையாத ஒரு பை என்றும், அதை விரிப்பது அதன் அடியில் கிடக்கும் உதரவிதானம் என்னும் தசை என்றும், அத்தசை இறங்கும்போது வயிறு முன்தள்ளுவதைக் கவனித்த எவரும் மூச்சின் தொடக்கத்தைக் கொப்பூழில்தான் வைப்பார் என்றும் சொல்லி முடிப்பேன். நல்ல பதில்தான். பல்லாண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வகுப்பில் அவ்வளவு அழகாக விளக்கப்பட்ட அந்தத் தசை, என் வீட்டிலேயே ஒருவருக்குச் சிறிதுசிறிதாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு முதலில் தலைவாரிக்கொள்ள முடியாமல் போயிற்று.

இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல் அம்மாவுக்கு. காலையில் வேலையெல்லாம் முடிந்தபின் வாசற்படியில் உட்கார்ந்து, கூந்தலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களிடம் பேசியபடியே அரைமணி நேரம் சிக்கெடுப்பார். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு அவ்வளவு குறுகலானது. வாசற்படியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு வாசற்படியில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். 2016 வாக்கில் அந்த அரைமணி நேரம் குறையத் தொடங்கியது. பின்னலுக்குப் பதிலாகக் கொண்டை வந்தது. பிறகு கொண்டையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றாயிற்று. ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாராம்.

"இன்னாம்மா இது?" என்று கத்தினேன்.

"கை தூக்குனா மூச்சு நின்னுடுது பாப்பா. இன்னா பண்ண சொல்ற?"

அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு இலக்கணமும் இருந்தது. நான்தான் அதைக் கேட்கவில்லை. நைனா இறந்து ஏழாண்டு ஆகியிருந்தது. துக்கம் வேறு வடிவத்தில் வருகிறது என்று நினைத்தேன். கொடியில் துணி காயப்போடுவதை விட்டுவிட்டார், மேல்தட்டில் இருக்கும் டப்பாக்களை எடுப்பதில்லை, சாப்பாட்டில் பாதியை ஒதுக்குகிறார். எல்லாவற்றுக்கும் மனத்தளர்ச்சி என்று ஒரே பெயரைச் சூட்டினேன். சில நாள், வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்: சோம்பல்.

பின்னாளில் ஓர் இயன்முறை மருத்துவர் விளக்கியபோதுதான் அம்மாவின் வாக்கியம் புரிந்தது. இயல்பான மூச்சில் உதரவிதானம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அது தளரும்போது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், கழுத்திலிருந்து மார்புக்கூட்டைத் தூக்கிப்பிடிக்கும் தசைகளும், தோள் தசைகளும் உதவிக்கு வருகின்றன. ஓடி முடித்த ஓட்டக்காரருக்கு அவை சில நிமிடம் உதவுகின்றன. நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கோ நாள் முழுவதும் உழைக்கின்றன. அப்படிப்பட்டவர் கையைத் தலைக்குமேல் தூக்கினால், மூச்சுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த தசைகளைக் கைக்காக இரவல் கேட்கிறார். உடல் கொடுக்க மறுக்கிறது. கூந்தலை வாரும் வேலை, கொடியில் சேலையை உதறிப் போடும் வேலை, தட்டிலிருந்து டப்பா எடுக்கும் வேலை: அம்மா கைவிட்டவை அத்தனையும் தோளுக்கு மேல் கை எழவேண்டிய வேலைகள். கால்மாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வதை அவர் கடைசிவரை விடவில்லை. இந்த வேறுபாடு என் கண்ணெதிரே இரண்டாண்டுக் காலம் கிடந்தது. யாப்பில் ஓர் அசை குறைந்தால் கண்டுபிடிப்பவள் நான்.

நோய்க்குப் பெயர் கிடைக்க இன்னும் ஓராண்டு ஆயிற்று. ஒரு தனியார் மருத்துவமனையில் இதயத்துக்கான சோதனைகளை எல்லாம் செய்து, பழுதில்லை என்று சொல்லி, பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "வீட்டில் யாராவது பீடி சிகரெட்?" என்ற கேள்விக்கு, "நைனா பிடிப்பார், அம்மா பிடித்ததில்லை" என்றதும் நுரையீரலைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது. 2018இல் ஓர் அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில்தான், குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை நடந்தது. ஊதத் தொடங்கிய முதல் நொடியில் வெளிவரவேண்டிய காற்றில் பாதிகூட வரவில்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்றார்கள். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி வேறு: "சின்ன வயசுல எந்த அடுப்புல சமைச்சீங்கம்மா?"

மரத்தூள் அடுப்பு. எங்கள் தலைமுறையோடு மறைந்துபோன பொருள் என்பதால் சற்று விவரிக்கிறேன். தகரத்தால் ஆன வட்ட அடுப்பு. அடியில் விறகு நுழைக்க ஒரு வாய். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அதைச் சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி, கையால் இறுக்கி அடைத்து, பாட்டிலைத் திருகி உருவிவிட வேண்டும். நடுவே புகைபோக்கி போல ஒரு துளை நிற்கும். கீழிருந்து பற்றவைத்தால் இரண்டு மணி நேரம் நின்றெரியும். தூள் மரம் அறுக்கும் மில்லிலிருந்து சாக்கில் வரும், விலை மலிவு. சரியாக அடைக்காவிட்டாலோ ஈரமிருந்தாலோ எரியாமல் புகையும். எங்களுடையது ஏழு குடித்தனங்கள் இருந்த ஒண்டுக்குடித்தன வீடு. சமையலறை என்பது சன்னல் இல்லாத ஒரு மூலை. காலையும் மாலையும் அந்தப் புகையில் உட்கார்ந்து அம்மா எங்களை வளர்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்பாடு படித்திருக்கிறேன்.

வெளியிலும் காற்று அப்படியொன்றும் தூயதில்லை. நைனா துறைமுகத்தில் கரி இறக்கும் பகுதியில் வேலை செய்தார். அவர் உடுப்பைத் துவைத்த தண்ணீர் மை போல ஓடும். துவைப்பதற்கு முன் அம்மா அதை வாசலில் உதறுவார். கிழக்குக் காற்று அடித்தால் ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கம்வரை மொட்டைமாடியில் காயும் வெள்ளைத் துணியில் கறுப்புப் பொடி படியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறியதால் பெயர்பெற்ற பேட்டையில், வெளுத்த துணியைக் காயப்போட இடமில்லாமல் போனதை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்படுவதை நிறுத்தும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். நைனா போய் இரண்டாண்டு ஆகியிருந்தது. கரி எண்ணூருக்குப் போயிற்று. அதாவது எங்களைவிட வடக்கே இருப்பவர்களுக்குப் போயிற்று. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதன் அக்கம்பக்கத்தில் வேறு நிலையங்கள் இன்றும் எரிகின்றன. அம்மாவின் நுரையீரலைக் கெடுத்தது அடுப்பா, நைனாவின் பீடியா, உதறிய கரிப்பொடியா என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. இந்தியாவில் 1990இல் 2.81 கோடியாக இருந்த இந்நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 5.53 கோடியானது என்று 2018இல் லான்செட் குழுமத்தின் இதழொன்றில் வந்த கட்டுரை மதிப்பிடுகிறது. வாழ்நாளில் புகையே பிடிக்காத பெண்கள் அவர்களுள் ஏராளம்.

நோயின் பெயர் தெரிந்ததும், நாங்கள் முன்னைக்கு நேரெதிரான தவறு ஒன்றைச் செய்தோம். அதற்குமுன் அந்தத் தசையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உதரவிதானம் குடை போலக் கவிந்த தசை. சுருங்கும்போது கவிழ்ந்த குடை தட்டையாகி இறங்குகிறது, மேலே நெஞ்சறை விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. அடைப்பு நோயில் சிக்கல் காற்று உள்ளே போவதில் தொடங்குவதில்லை. வெளியே வருவதில் தொடங்குகிறது. குறுகிப்போன சிறு குழாய்கள் மூச்சை விடும்போது மடங்கிக்கொள்கின்றன. பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. தங்கிய காற்றால் நுரையீரல் ஊதிப் பெருத்து, உதரவிதானத்தை அழுத்தித் தட்டையாக்குகிறது. ஏற்கெனவே விரிந்து கிடக்கும் குடையை மேலும் எப்படி விரிப்பது? தசை என்பது தக்க நீளத்தில் இருக்கும்போதுதான் வலுவாக இழுக்கும். குறுகிக் கிடக்கும் தசைக்கு இழுக்க இடமில்லை. நோய் முற்றியவர்களிடம் அது கீழ்நோக்கி இறங்குவதற்குப் பதிலாகக் கீழ்விலா எலும்புகளையே உள்நோக்கி இழுத்துவிடும். மூச்சை இழுக்கும்போது விரியவேண்டிய விலா ஒடுங்கும். 1920களில் இதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயரால் ஹூவர் குறி என்கிறார்கள். அம்மாவின் ரவிக்கைக்குக் கீழே விலா இரண்டும் உள்ளே போய் வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இளைத்துவிட்டார் என்று மட்டும் நினைத்தேன்.

இதில் எனக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று உண்டு. 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, இந்நோயாளிகளின் உதரவிதானம் உண்மையில் பலவீனமானதா என்று சோதித்தது. அதே அளவு ஊதிய நுரையீரலோடு ஒப்பிட்டால், நோயற்றவர்களின் தசைக்கு அது சளைத்ததாக இல்லை. 1997இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, அத்தசையின் நார்கள் தம் வகையையே மாற்றிக்கொண்டிருப்பதைக் காட்டியது: விரைந்து இழுத்துக் களைக்கும் நார்கள் குறைந்து, மெல்ல இழுத்து நெடுநேரம் தாங்கும் நார்கள் பெருகியிருந்தன. ஆண்டுக்கணக்காக ஓய்வின்றி உழைத்த தசை, நெடுந்தொலைவு ஓடுபவரின் காலைப் போல ஆகியிருந்தது. வேலை செய்யும் இடம்தான் கெட்டுப்போயிருந்தது. சரி, தசையில் குற்றமில்லை என்று முடிவுகட்டவும் இடமில்லை. 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நோய் கடுமையாகாதவர்களிடமிருந்தே எடுத்த தசைநார்களில் விசை குறைந்திருப்பதைக் கண்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்றே படித்தவரையில் தோன்றுகிறது. அம்மாவிடம் இதையெல்லாம் எளிமையாகச் சொன்னபோது, "நம்ம வூட்டு கதையாட்டம் கீது" என்றார். ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்த வீட்டைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொள்ளவில்லை.

உணவும் இதில் சேர்கிறது. நமக்கு மூச்சுவிடுவது செலவே தெரியாத வேலை. இந்நோயாளிக்கோ அது நாள் முழுதும் மூட்டை சுமப்பது. அவ்வளவு செலவுக்கு வேண்டிய சோற்றை உண்ணவும் மூச்சு வேண்டும். மெல்லுவதும் விழுங்குவதும் மூச்சைத் தடுக்கின்றன. வயிறு நிறைந்தால் உதரவிதானத்துக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போகிறது. ஆகவே பாதியில் தட்டை ஒதுக்குகிறார்கள். உடல் தன் தசையையே உண்ணத் தொடங்குகிறது. அம்மா 52 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கு வந்திருந்தார். நோய் முற்றும்போதெல்லாம் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை உயிரைக் காக்கிறது. நீண்ட நாள் தொடர்ந்தால் தசையைக் கரைக்கவும் செய்கிறது.

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறேன். நுரையீரல் நோய் என்று தெரிந்ததும் அம்மாவைக் கட்டிலில் இருத்தினோம். அண்ணி வேலைக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். தண்ணீர்கூட எழுந்து எடுக்கக்கூடாது. மூச்சு வாங்கினால் நுரையீரல் கெட்டுவிடும் என்று நம்பினோம். சோம்பல் என்று ஏசியவளே இப்போது அசையாதே என்று அதட்டினேன். நடக்காத கால் மெலிந்தது. மெலிந்த கால் நான்கு அடி நடப்பதற்கே அதிக மூச்சைக் கேட்டது. மூச்சு வாங்கியதால் நாங்கள் மேலும் நடக்கவிடவில்லை. எட்டு மாதத்தில், கழிவறைக்குப் போய் வருவதே ஒரு பயணம் ஆயிற்று. எங்கள் வீடு முதல் மாடி, 19 படி. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தபோது, தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அம்மா சன்னல் வழியாகக் கதை கேட்டார்.

உறவினர்கள் வந்து பிராணாயாமம் செய்யச் சொன்னார்கள். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் மூச்சைப் பற்றிச் சொல்லியிருப்பதை எனக்கே நினைவூட்டினார்கள். திருமூலர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆழ இழுத்து அடக்கச் சொல்வது, ததும்பும் குடத்தில் இன்னொரு செம்பு ஊற்றுவதாகும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது காலிசெய்யும் வழி.

2021இன் கோடையைப் பற்றி எழுதாமல் கடக்கவே விரும்பினேன். இயலவில்லை.

இரண்டாம் அலையின்போது எல்லா வீடுகளிலும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தது. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று குழந்தைக்கும் தெரியும். மே மாதக் கடைசியில் அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. கோவிட் சோதனையில் இல்லை என்று வந்தது. விரல்கருவி 87 காட்டியது. மருத்துவமனைகளில் இடமில்லாத நாட்கள். அண்ணன் எங்கெங்கோ அலைந்து ஓர் ஆக்சிஜன் செறிவூட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தான். நான் அதை 5 லிட்டருக்குத் திருகினேன். எண் 97க்கு ஏறியது. அந்த எண்ணைப் பார்த்து அழுதேன். இரவு பத்து மணிக்கு அம்மா தூங்கினார். அமைதியான தூக்கம், இரைப்பில்லாத தூக்கம். நெடுநாளைக்குப் பின் நன்றாகத் தூங்குகிறார் என்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். விடியற்காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. தோளைக் குலுக்கினால் முனகினார். எண் அப்போதும் 97தான்.

108 வந்தது. மருத்துவமனையில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர், யாரையும் குற்றம் சாட்டாத குரலில், "எவ்வளவு லிட்டர் வெச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மூச்சின் வேலை பிராணவாயுவை உள்ளே கொண்டுவருவது மட்டுமன்று, கரியமில வாயுவை வெளியேற்றுவதும்தான் என்றார். களைத்துப்போன தசைகளால் போதிய காற்றைப் புரட்ட இயலாதவர்களுக்குக் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கும். அவர்களுக்குப் பிராணவாயுவை அளவுக்குமேல் கொடுத்தால் தேக்கம் இன்னும் ஏறும். தலைவலி, குழப்பம், பிறகு உறக்கம், பிறகு எழாமை. விரல்கருவி பிராணவாயுவைத்தான் அளக்கும். கரியமில வாயுவை அதற்குத் தெரியாது. இந்நோயாளிகளுக்கு 88இலிருந்து 92வரை இருந்தால் போதும். அந்த 87 அப்படியொன்றும் பேரிடர் இல்லை. ஒரு லிட்டரில் சரியாகியிருக்கும். 2010இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் ஆம்புலன்சில் வந்த நோயாளிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள் என்று பின்னர் படித்தேன்: தாராளமாகக் கொடுக்கப்பட்டவர்களைவிட அளந்து கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

முகத்தோடு பொருந்தும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் பைபேப் கருவியில் அம்மாவை வைத்தார்கள். தசைகள் செய்யவேண்டிய வேலையை அது பாதி எடுத்துக்கொள்கிறது. களைத்தவை சற்று இளைப்பாறுகின்றன. இரண்டாம் நாள் மாலை கண்விழித்து, முகமூடியை விலக்கி, "எத்தினி மணி?" என்றார். நான் செய்ததை அவரிடம் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. சொன்னபோது, "நல்லா தூங்குனேன்டி அன்னிக்கி" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து திரும்பியபின்தான் மருத்துவர் எங்களை ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். முப்பது வயதுகூட இராது அந்தப் பெண்ணுக்கு. அம்மாவை நடக்க வைத்தார், அதுவே முதல் மருந்து. மூச்சு வாங்கும்வரை நட, நின்று குனிந்து முழங்கையை எதிலாவது ஊன்று, உதட்டைக் குவித்து ஊது, மறுபடி நட. முழங்கை ஊன்றினால் தோள் தசைகள் கையின் பாரத்திலிருந்து விடுபட்டு மூச்சுக்குத் திரும்புகின்றன. குனிந்தால் வயிறு உதரவிதானத்தைச் சற்று மேலே தள்ளி அதன் கவிவை மீட்டுக் கொடுக்கிறது. அம்மா இதை யாரும் சொல்லாமலே பல ஆண்டுகளாகச் செய்துவந்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி நிற்பதை, தெருவை வேடிக்கை பார்ப்பதாக நினைத்திருந்தேன்.

ஊதுவதற்குக் கணக்கு ஒன்று இரண்டு என்று சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கு எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. ஆகவே நான் என் தொழிலைக் கொண்டுவந்தேன். கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. நான் விரலைச் சொடுக்குவேன். இரண்டு சொடுக்குக்கு மூச்சை இழு, நான்கு சொடுக்குக்கு ஊது. நெடிலில் வாங்கி அளபெடையில் விடு என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். எம்.ஏ. பட்டம் வீட்டுக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான் என்று அண்ணன் கேலிசெய்வான்.

வாயில் வைத்து உறிஞ்சும் கருவியில் மூச்சிழுக்கும் வலுவை அளந்தார்கள். நீர்மட்ட சென்டிமீட்டரில் சொல்லும் அளவு அது. உடல்நலமுள்ள ஆண்களுக்கு நூறை ஒட்டி வரும், பெண்களுக்கும் முதியோருக்கும் குறையும். 60க்குக் கீழே என்றால் தசை தளர்ந்திருக்கிறது என்று கொள்வார்கள். அம்மாவுக்கு 32. பிறகு ஒரு சிறு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்தார்கள். உள்ளே ஸ்பிரிங்கால் அழுத்தி மூடிய ஒரு கதவு. குறிப்பிட்ட வலுவோடு உறிஞ்சினால்தான் திறக்கும். முதலில் 10இல் வைத்து, நாளுக்கு இருவேளை, பதினைந்து நிமிடம். கைக்கு இரும்புக்குண்டு எதுவோ, உதரவிதானத்துக்கு அது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் மூன்று பந்துக் கருவி இதுவன்று. பந்து மேலே எழுவது கண்ணுக்கு இனிது, அதில் சுமை இல்லை.

இந்தக் குழலைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, 55 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, இது தசைவலுவைக் கூட்டுகிறது, தனியாகச் செய்தால் மூச்சுத்திணறலும் சற்றுக் குறைகிறது, ஆனால் நடைப்பயிற்சி முதலியவற்றோடு சேர்ந்த முழுச் சிகிச்சை கிடைப்பவர்களுக்கு இதனால் கூடுதல் நன்மை தெளிவாகத் தெரியவில்லை என்கிறது. அம்மாவுக்கு ஐந்து மாதத்தில் 32 என்பது 45 ஆனது. அதில் குழலின் பங்கு எவ்வளவு, 19 படியின் பங்கு எவ்வளவு, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்த முட்டை, கேழ்வரகுக் கஞ்சியின் பங்கு எவ்வளவு என்று யாரறிவார். நுரையீரல் தேறவில்லை, ஸ்பைரோமெட்ரி எண் அப்படியேதான் இருக்கிறது. தேறாத நுரையீரலோடு வாழ அந்தத் தசைகளைப் பழக்கியிருக்கிறோம், அவ்வளவே. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு சளி வந்து மூன்று மாத உழைப்பைப் பறித்துக்கொண்டு போகிறது. மீண்டும் 10இலிருந்து தொடங்குகிறோம்.

நான் எனக்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறேன். ஒரு மூச்சில் அம்மா எத்தனை சொல் பேசுகிறார் என்று எண்ணுவது. நோய் முற்றியிருந்த நாட்களில் அவருடைய வாக்கியங்களில் முதலில் உதிர்ந்தவை இடைச்சொற்கள். பிறகு அடைமொழிகள். பிறகு வினைமுற்று. "தண்ணி", மூச்சு, "சூடா", மூச்சு. வேண்டும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாயிருக்கும் நாளில் ஒரு மூச்சுக்கு ஆறு, ஏழு சொல். மருத்துவர்களும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லித் தசையின் வலுவை ஒருவாறு அறிவதுண்டாம். அதைக் கேள்விப்பட்டபோது சடுகுடு நினைவுக்கு வந்தது. நைனா இளமையில் ஆடியவர். எதிர்க்கட்டத்துக்குள் பாடிப் போய், மூச்சு விடாமல் பாடியபடியே திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் காலி. அம்மா ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் பௌர்ணமியன்று திருவொற்றியூருக்குப் போக வேண்டும் என்றார். திருமணமான நாள்முதல் பௌர்ணமிதோறும் வடிவுடையம்மனைப் பார்க்கப் போனவர், எட்டாண்டாகப் போகவில்லை. 19 படிகளை மூன்று நிறுத்தத்தில் இறங்கினோம். ஆட்டோவில் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையம், மின்தூக்கி, பிறகு திருவொற்றியூர் தேரடி. நிலையத்துக்கு வெளியே ஒரு பூக்காரம்மாவின் கூடைக்கு அருகில் சிமெண்டுத் திண்டில் உட்கார வைத்தேன். முழங்கைகளை முழங்கால்மீது ஊன்றிக் குனிந்துகொண்டார். வாங்கிய மூச்சு இறங்க நான்கைந்து நிமிடம் ஆயிற்று. விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் விரல்கள் தம்மையறியாமல் சொடுக்கிக்கொண்டிருந்தன.

பிறகு நிமிர்ந்து, பூக்காரம்மாவைப் பார்த்து, "முழம் அறுவது ரூபாயா, தங்கத்துலயா கட்டியிருக்க, காலையில எங்க தெருவுல நாப்பது ரூபாய்க்கு கூவிகினு போனான்" என்றார், இடையில் நிற்காமல்.

நான் விரல்விட்டு எண்ணுவதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாடி எண்ணிகினு கீற? காச எடு."